லைட் டெஸ்ட்

அந்தப் பையை மட்டும் மேல வைக்காதிய தம்பி, உள்ள லைட்டு இருக்கு. ரெண்டு லைட்டு, லைட்டுக்கு ஒரு குடை, ஒரு நீலத் திரை. மடியிலயே இருக்கட்டும். மதுரை வரைக்கும் மூணு மணி நேரம்தானே, நான் வச்சிக்கிடுதேன். நீங்க சன்னல் பக்கம் உக்காருங்க. எனக்கு வெளிய பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல.

ஒரு நிமிஷம், டிக்கெட்டை ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். ம்... ஆச்சு. சும்மாதான், ஒரு பழக்கம். எடுத்த படத்தை உடனே அது இருக்க வேண்டிய இடத்துல போட்டுரணும், இல்லன்னா தொலைஞ்சிரும். முப்பத்தாறு வருஷமா இதான் தொழில். வீரவநல்லூர்ல இறங்கி நயினார் ஸ்டூடியோ எங்கன்னு கேட்டுப் பாருங்க, பச்சைப் பிள்ளையும் காட்டும். ஆறுமுகநயினார்னு முழுப் பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது.

நீங்க வச்சிருக்கது லேப்டாப்புப் பைதானே? கம்ப்யூட்டர் வேலையா? நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர்காரவுக ஒருத்தரைப் பிடிச்சு ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். கேள்வி ரொம்ப லேசு. நான் என் கடையில, என் சிஸ்டத்துல, என் கையால ஒண்ணை அழிக்கேன். அது எதுக்குத் தம்பி எங்கயோ மேல இருக்கதும் சேந்து அழியணும்?

சிரிக்காதிய. நான் கேக்கது ஞாயமா இல்லையா? என் வீட்டு வாசல்ல ஒரு கோலத்தை அழிச்சா பக்கத்துத் தெருவுல கோலம் அழியுமா?

சரி, முதல்ல இருந்து சொல்லுதேன். நீங்க எங்க இறங்கணும்? மாட்டுத்தாவணியா? நானும் அங்கதான். நேரம் கெடக்கு.

அந்தப் பெரிய மழை வருஷம் எங்க கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சு. பதினாலு ஹார்ட் டிஸ்க்கு, அத்தனையும் சேறு. பத்தமடையில ஒரு கல்யாணம் எடுத்திருந்தேன், ஆல்பம் இன்னும் போடலை, மொத்தமும் போச்சு. அந்தப் பொண்ணு வந்து கடை வாசல்ல நின்னு அழுதா. நானும் அழுதேன் தம்பி, சொல்லதுக்கு என்ன வெக்கம். அப்பதான் என் மக சொன்னா, இனிமே இப்படி விடக் கூடாதுப்பான்னு.

என் மக பேரு உலகம்மை. பாபநாசத்து அம்மன் பேரு. உலகுன்னு கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் படிச்சா, படிச்சுட்டு வெளிய எங்கயும் போகாம எங்கூடவே கடையில ஆல்பம் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தா. அவதான் சர்வர்னு ஒரு பெட்டியை வாங்க வச்சா. பழைய டார்க் ரூம்ல, தண்ணி எட்டாத உயரத்துல பலகை அடிச்சு அதை உக்கார வச்சா. எடுக்க படம் எல்லாம் அதுக்குள்ள போயிரும். அங்க இருந்து நெட்டு வழியா மேல ஒரு காப்பி போயிரும். மேலன்னா வானத்துல இல்லைன்னு எனக்கும் தெரியும். எந்த ஊர்லயோ பெரிய கட்டடத்துல ஏசி போட்டு வச்சிருக்கானாம். எங்க கடையில மேல, மேலன்னு சொல்லிச் சொல்லி அப்படியே பழகிட்டுது.

உலகு என்னை உக்கார வச்சு வெளக்கினா. "அப்பா, இங்க என்ன இருக்கோ அது அப்படியே மேலயும் இருக்கும். இங்க ஒண்ணு சேத்தா அங்கயும் சேரும். அதே மாதிரி இங்க ஒண்ணை..." அதுக்குள்ள ஒரு பாஸ்போர்ட் சைஸ் வந்துட்டுது. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். பாதி கேட்டா போதாதா எனக்கு? பிலிம் காலத்துல இருந்து எத்தனை மாத்தத்தைப் பாத்தவன். பொறவு அவ ஒரு தாள்ல பெருசா என்னமோ எழுதி அந்தப் பெட்டிக்கு மேல சுவத்துல ஒட்டி வச்சா. நான் அதுமேல காலண்டரை மாட்டிட்டேன். என்ன செய்ய, ஆணி அங்கதான் இருந்துச்சு.

இப்ப லைட் டெஸ்ட்டுன்னா என்னன்னு சொல்லணும். எங்க தொழில்ல ஒரு புது லைட்டு வாங்கினா, புது லென்ஸ் வாங்கினா, திரை மாத்தினா, முதல்ல ஒரு ஆளை உக்கார வச்சு எடுத்துப் பாக்கணும். எல்லா ஸ்டூடியோக்காரனும் கையில கெடைக்க ஆளை உக்கார வைப்பான். எனக்குக் கையில கெடைச்சது எம்பிள்ளை. தலை நின்ன நாள்ல இருந்து அவதான். ஸ்டூல்ல உக்காத்தி, பின்னால நீலத் திரையைப் போட்டு, "ஏட்டி, மூக்கைச் சொறியாத"ன்னு சொல்லி எடுக்கது. பல்லு விழுந்தப்ப எடுத்தது இருக்கு. அம்மை போட்டு எறங்கினப்ப எடுத்தது இருக்கு. காலேஜ் போற அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மொறைச்சுக்கிட்டே உக்காந்தது இருக்கு. பிலிம்ல இருந்ததை எல்லாம் அவளே ஸ்கேன் பண்ணி ஒரே போல்டர்ல போட்டா. பேரு லைட் டெஸ்ட். ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டுப் படம்.

அது தொழிலுக்காக எடுத்தது, பாத்துக்கிடுங்க. பாசம் கீசம்னு நீங்களா நினைச்சுக்கிடாதிய.

கயத்தாறு வந்துட்டுதா? பரவாயில்ல, வேகமாத்தான் போறான்.

இருபத்தெட்டு நாளைக்கு முந்தி அவ மதுரைக்குப் போனா. லென்ஸ் சர்வீஸுக்குக் குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனா. போயி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம் முடிச்சுட்டுப் போன் பண்ணுதா. பையன் பிசியோதெரபி பாக்கான், பேரு ஜெயசீலன். அவுக வேற ஆட்கள், நாங்க வேற ஆட்கள். எங்க ஸ்டூடியோ எடுத்த ஒரு கல்யாணத்துக்கு மாப்ளைத் தோழனா வந்தவன். பொறவு அந்த ஆல்பத்தை எடுத்துப் பாத்தேன். பதினேழாம் பக்கம். உலகு கையில வெளிச்சத்தைத் திருப்புத ரிப்ளெக்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, அவன் அவளைப் பாக்கான், அவ அவனைப் பாக்கா. போக்கஸ் பூராவும் அவுக ரெண்டு பேரு மேல. தாலி கட்டுத பொண்ணு மாப்ளை பின்னால மங்கலா இருக்காவ. எடுத்தது யாருங்கிய? நாந்தான்.

போன்ல "அப்பா"ன்னா. கட் பண்ணிட்டேன்.

மறுநாள் எங்கண்ணன் சங்கரபாண்டி நாலு ஆளைக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துட்டாரு. "அவ படம் ஒண்ணு இந்தக் கடையில இருக்கக் கூடாதுல"ன்னாரு. வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவ படத்தைத்தான் பெருசா மாட்டி வச்சிருந்தேன். எந்த ஸ்டூடியோவுலயும் பாருங்க, சொந்தப் பிள்ளை படம்தான் வாசல்ல இருக்கும், கேட்டு வாங்க வேண்டியதில்ல பாருங்க. அதைக் கழட்டினேன். வெயில் படாத சதுரம் ஒண்ணு அங்க தனியாத் தெரிஞ்சுது. அண்ணன் அதோட விடலை. "அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயும் இருக்கும்லா?"ன்னாரு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அஞ்சு பேரையும் பக்கத்துல கூப்பிட்டு வரிசையா நிக்க வச்சேன். லைட் டெஸ்ட்டைத் தொறந்து காட்டினேன். ஷிப்ட்டைச் சேத்து அமுக்கி டெலிட்டு. நிச்சயமான்னு அது ஒரு தடவை கேட்டுச்சு. எங்கண்ணன் கேக்கலை, அது கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். கோடு ஒண்ணு ஓடி முடிஞ்சுது. நாலு நிமிஷம். எங்கண்ணன் என் தோளைப் பிடிச்சு, "நீ ஆம்பளைல"ன்னாரு. ஒருத்தர் கண்ணைத் தொடைச்சாரு.

இப்பக் கேளுங்க. கோவத்துல புத்தி கெட்டு அழிச்சிட்டாம்னு என்னை நினைச்சிராதிய. நல்லா யோசிச்சுத்தான் அழிச்சேன். இங்க அழிச்சா என்ன, மேலதான் இருக்கே! அண்ணனுக்கு மனசும் ஆறிட்டுது, எனக்கு எம்பிள்ளையும் இருக்கா. ஒருத்தனுக்கும் தெரியாது. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எங்க வீட்டம்மா பச்சைத் தண்ணி குடிக்கலை. அவளுக்கு இந்தச் சூட்சுமம் எல்லாம் வெளங்காது.

அந்தா, முன்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. அவதான். பிரம்மசக்தி. தூங்குத மாதிரி நடிக்கா. அவ பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பட்டுச் சேலை மாதிரி ஒண்ணும் வேட்டி மாதிரி ஒண்ணும் வச்சதைப் பாத்தேன். நான் கேக்கலை.

இருபத்தி ரெண்டாவது நாள் போன்ல மேல என்ன இருக்குன்னு பாத்தேன். சிஸ்டம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கத்தான். ஆளு இல்லைல, நாமதான பாக்கணும். சேரன்மாதேவிக் கல்யாணம் இருக்கு. முக்கூடல் காதுகுத்து இருக்கு. எவன் எவன் பிள்ளையோ எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருக்கு. எம்பிள்ளை இல்ல.

மேலயும் கீழயும் நாலு தடவை தள்ளித் தள்ளித் தேடிட்டேன் தம்பி.

அம்பாசமுத்திரத்துல இருந்து பீர் மைதீனைக் கூப்பிட்டேன், கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கவன். வந்து பாத்துட்டு, "அண்ணாச்சி, இதுல கோளாறு ஒண்ணும் இல்ல, சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு"ங்கான். இங்க அழிச்சா அங்கயும் அழிக்கதுதான் அதுக்கு வேலையாம். "இப்படின்னு எனக்கு யாருமே சொல்லலையேடே"ன்னேன். அவன் காலண்டரைத் தூக்கிப் பாத்தான். பொறவு தாளை வாசிச்சான். "அப்பா, இங்க எதையும் அழிக்காதீங்க, இங்க அழிச்சா மேலயும் அழிஞ்சிரும்." வாசிச்சுட்டுக் காலண்டரைப் பழையபடி தொங்க விட்டுட்டான். மரியாதை தெரிஞ்ச பையன்.

ஆனா ஒண்ணு சொன்னான். மேல ஒரு குப்பைத் தொட்டி உண்டாம். அழிச்சது அதுல முப்பது நாள் கெடக்கும், அதுக்குள்ள எடுத்துட்டா உண்டு. முப்பத்தொண்ணாவது நாள் போச்சுன்னா போனதுதான், பெருமாள் வந்தாலும் முடியாது. நான் போன்ல படம் பாக்கலாம், புதுசு போடலாம். குப்பைத் தொட்டியைத் தொறக்கணும்னா அக்கவுண்டுக்கு உள்ள போகணும். அக்கவுண்டு உலகு பேர்ல இருக்கு. பாஸ்வேர்டு எழுதி வச்சிருந்தா. அதைப் போட்டா, அடுத்து ஆறு நம்பர் ஒண்ணு கேக்குது. ஓடிபி. அந்த நம்பர் எங்க வரும்னு நினைக்கிய? அவ போனுக்கு.

"பிள்ளைட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க அண்ணாச்சி, ஒரு நிமிச வேலை"ன்னான். மொகறைக்கட்டையைப் பாரு. நான் போன் போடவா?

ஆறு நாள்ல பதினோரு தடவை போட்டுப் பாத்தேன். போன் இல்ல தம்பி, பாஸ்வேர்டு. பாஸ்வேர்டைப் போடுவேன், ஆறு நம்பரைக் கேக்கும், கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன், மூடிருவேன். ஏதாவது ஒரு தடவை கேக்காம விட்டுருமான்னு ஒரு நப்பாசைதான். என்ன? ஒவ்வொரு தடவையும் அவ போனுக்கு மெசேஜ் போயிருக்குமா? போயிருக்கும். போனா என்ன? அது கம்பெனிக்காரன் அனுப்புதான், நானா அனுப்புதேன்? நான் ஒரு போன் கூடப் பண்ணலை, தெரியும்லா.

மூணாவது தடவை போட்ட அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டம்மா, "பிள்ளை மத்தியானத்துல இருந்து அழுதுக்கிட்டே இருக்காளாம்"ன்னா. உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். அடுப்பு அணைக்கப் போயிட்டா.

உலகுக்கு நெஞ்சழுத்தத்தைப் பாருங்க. பீர் மைதீன்தான் சொன்னான், நான் அழிச்ச அன்னைக்கே அவளுக்கு மெயில் போயிருக்காம், ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டுப் படத்தை அழிச்சாச்சுன்னு. பெத்த அப்பன் தன்னை ஒண்ணு விடாம அழிச்சிருக்காம்னு பாத்துட்டு ஒரு பட்டனை அமுக்கி எடுத்துருக்கலாம்லா? எடுக்கலை. அவரா தேடட்டும்னு இருந்துருக்கா. யாரு குணம் இதுன்னு எனக்குத் தெரியலை. எங்க பக்கத்துல இப்படி யாரும் கெடையாது.

கோவில்பட்டியா? இருங்க. ஏ தம்பி, கடலை மிட்டாய் ரெண்டு பாக்கெட்டு குடு. எங்க வீட்டம்மாவுக்குத்தான். அவளுக்குப் பல்லு ஆடுது, கடிக்க முடியாது. இருந்தாலும் இருக்கட்டும். எங்க விட்டேன்?

நேத்துக் காலைல. இருபத்தேழாவது நாள். கடையைத் தொறந்து டார்க் ரூமுக்குள்ள போறேன், அந்தப் பெட்டியில பச்சை லைட்டு பட பட பட பட்டுன்னு அடிக்குது. நான் ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு அடிக்குதுன்னு சிஸ்டத்தைத் தொறந்தா லைட் டெஸ்ட் நிக்குது. உள்ள ஒண்ணொண்ணா வந்துக்கிட்டு இருக்கு. உலகு அந்தக் குப்பைத் தொட்டியில இருந்து எடுத்து மேல வச்சிருக்கா. மேல வச்சா கீழ வரும்லா. வரிசையாவும் வரலை தம்பி. பட்டம் வாங்கினது ஒண்ணு வருது, அடுத்தாப்புல மொட்டைத் தலையோட ஒண்ணு வருது. மொறைச்சுக்கிட்டு உக்காந்தது வருது. பல்லு இல்லாம வருது. எங்க ஊர்ல நெட்டு மெதுவு. பொழுது அடையுத வரைக்கும் வந்துச்சு. நான் எந்திரிக்கலை. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவன் ரெண்டு தடவை இருமிப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிட்டான். அழுதேன். வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அந்தப் பிள்ளை இல்லாம எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க. முப்பத்தாறு வருஷம் ஊர்க்காரன் மூஞ்சி எல்லாம் எடுத்து என்ன பிரயோசனம்.

அத விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. என் கோவமே இனிமேதான் இருக்கு.

ஆறாயிரத்து முன்னூத்திப் பதினெட்டோட நிக்க வேண்டியதுதானே? நிக்கலை. கடைசியா நாப்பத்தோரு படம் புதுசா வருது. என்னடான்னு பாத்தா, கல்யாணப் படம்! அவ கல்யாணம்! லைட் டெஸ்ட்டுக்குள்ள போட்டு விட்டுருக்கா.

தம்பி, முப்பத்தாறு வருஷத்துல அப்படி ஒரு மோசமான கல்யாணப் படத்தை நான் பாத்தது இல்ல. சன்னலைப் பின்னால வச்சு எடுத்துருக்கான், ரெண்டு பேரு மூஞ்சியும் கரி. மாலை வந்து அவ தாடையை மறைச்சுட்டுது, அதைக் கொஞ்சம் எறக்கி விடுன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. நல்லா இருக்க ஒரே படத்துல மாப்ளை கண்ணை மூடிட்டாரு. கோயில்ல எடுத்ததைப் பாக்கணுமே, அவளைக் கொண்டு போயித் தூணுக்கு முன்னால நிறுத்தி வச்சிருக்கான். உச்சந்தலையில இருந்து தூணு மொளைச்சு மேல போகுது. நயினார் மக கல்யாணத்துல! பாக்கவன் என்ன சொல்லுவான்?

மாப்ளைன்னா சொன்னேன்? போட்டோத் தொழில்ல பொண்ணு, மாப்ளைன்னுதான் சொல்லுவோம் தம்பி. அது பழக்கம்.

அதனாலதான் போறேன். எவன் அந்தப் படத்தை எடுத்தவன்னு மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்கணும். லைட்டும் குடையும் எதுக்குங்கியளா? சும்மா கேட்டா அவனுக்கு வெளங்காதுல்லா, செஞ்சு காட்டணும். மூணு மணி வெயிலு சரிஞ்சு வரும், ஒரு பக்கத்துக்கு அது போதும், மறு பக்கத்துக்கு ஒரு லைட்டு. அரை மணி நேரத்துல முடிச்சுரலாம். திரையா? அது பையில எடம் இருந்துச்சு, வச்சேன்.

அண்ணனா? வந்தாரே, இன்னைக்குக் காலைல கெளம்பும்போது வந்துட்டாரு. கண்ணாடிப் பெட்டியில பழையபடி படம் இருக்கதைப் பாத்துட்டு நிக்காரு. வெறும் சதுரம் பாக்க நல்லால்ல தம்பி, வியாபாரத்துக்கு ஆகாது, அதான் மாட்டிட்டேன். "என்னல இது, திரும்ப எப்படி வந்தா?"ன்னாரு. "அது சிங்க்குண்ணே, ரெண்டு பக்கமும் ஓடும். இங்க இல்லைன்னாலும் அங்க இருந்து வந்துரும். நம்ம கையில ஒண்ணும் இல்ல"ன்னேன். அவரு கண்ணாடிகிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தாரு. பொறவு, "கறுத்துட்டாளாமே"ன்னாரு. படத்துல வெளிச்சம் பத்தலைண்ணே, பிள்ளை நெறம்தான்னு சொன்னேன். அந்தக் கல்யாணப் படத்தை அவருக்கு யாரு காட்டினாவன்னு தெரியலை.

வந்துட்டுதா மாட்டுத்தாவணி? பேச்சுல தெரியவே இல்ல. ஏ பிரமு, எந்திரி, எந்திரி, நடிச்சது போதும். இல்ல தம்பி, நாங்க வாரது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லையே. அட்ரஸை விசாரிச்சுத்தான் போணும். டிக்கெட்டா? ஆமா, எடுத்தேன். எடுத்து லைட் டெஸ்ட்டுலதான் போட்டேன், கை பழக்கத்துல. அதுல வண்டி நேரம் இருந்தா அதுக்கு நான் என்ன செய்ய? இங்க போட்டா அங்க போகும்னு நீங்கதானே சொல்லுதிய.

பையை மெதுவாக் குடுங்க. லைட்டு, லைட்டு.

அந்தா... யாரு அது? மஞ்சச் சேலை. அந்தப் பையன் கூட நிக்கான், கையில தண்ணிப் பாட்டிலை வச்சுக்கிட்டு. வந்து எவ்வளவு நேரம் ஆச்சோ, வேத்துப் போயி நிக்கா. மெலிஞ்சுட்டாளா? மெலிஞ்சுட்டா. நிக்க எடத்தைப் பாருங்க, நிக்க எடத்தைப் பாருங்க தம்பி, இவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டுல இவளுக்கு வேற எடமே கெடைக்கலையா?

ஏட்டி உலகு! தூணை விட்டுத் தள்ளி நில்லுட்டீ!